வரிசையிலும் வர்க்கமா?

காத்திருக்கும் நேரத்தைக்கூட விலை போட்டு விற்க முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறது அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம். விற்றதோடு நிற்கவில்லை. விற்கத் தொடங்கிய பிறகு, காசு கொடுக்காமல் அந்த வாசலில் நுழைய உரிமை பெற்றிருந்த மாற்றுத்திறனாளிகளைப் பார்த்து, "உங்களில் யார் நிஜம், யார் வேஷம்?" என்று கேட்டுக் கதவையும் குறுக்கியிருக்கிறது.

எங்கோ கடல் கடந்த ஊரில், பிள்ளைகள் ராட்டினம் ஆடுகிற இடத்தில் நடக்கும் சண்டை நமக்கு எதற்கு என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். காய்ச்சல் என்று விடுப்புக் கேட்ட தொழிலாளியை ஏற இறங்கப் பார்த்து, "என்ன, நடிக்கிறாயா?" என்று கேட்கும் மேஸ்திரியை அறியாதவர் நம்மில் யார்? அதே மேஸ்திரிதான் அங்கே கணினித் திரைக்குள் உட்கார்ந்து, அதே கேள்வியைப் புன்னகையோடு கேட்கிறார். ஆகவே கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள்.

கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது 1955 ஜூலையில். புளோரிடாவில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டது 1971 அக்டோபரில். திருவிழாத் திடலின் ராட்டினத்தை மலையளவு பெருக்கி, அதற்குக் கோட்டையும் கொத்தளமும் கட்டி, நுழையவே பெருந்தொகை வாங்கினால் எப்படியோ அப்படிப்பட்ட இடங்கள். உள்ளே போனவன் பகல் பொழுதில் பெரும்பகுதியை எங்கே கழிக்கிறான்? சவாரியில் அல்ல, கியூவில்! 5 நிமிடச் சவாரிக்கு 1 மணி நேரம் நிற்பது அங்கே அதிசயமே இல்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு சவாரியில் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும். பெட்டிகள் எத்தனை, ஏறி இறங்க எவ்வளவு நேரம், இவைதாம் அந்த எண்ணை முடிவு செய்கின்றன. வாசலில் ஆயிரம் பேர் கூடினாலும் பத்தாயிரம் பேர் கூடினாலும் அந்த எண் ஏறாது. எனவே ஒருவரை முன்னே விட்டால், இன்னொருவர் பின்னே போகத்தான் வேண்டும். இது மாற்றுத்திறனாளிக்கும் பொருந்தும். மடிப்புக் கலையாத சட்டையோடு வருகிற கோடீஸ்வரனுக்கும் பொருந்தும். முதல் பாதியை மட்டும் ஓயாமல் சொல்லி, மறு பாதியை வாய்க்குள் விழுங்கிவிடுகிற சாமர்த்தியத்தைத்தான் நாம் இங்கே அம்பலப்படுத்த வேண்டியிருக்கிறது.

நிற்க முடியாதவன் உட்காரட்டுமே!

மாற்றுத்திறனாளி என்றதும் நம் கண்முன் சக்கர நாற்காலிதான் வருகிறது. நாற்காலி நுழையும் அளவுக்குப் பாதையை அகலமாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். டிஸ்னி பூங்காக்களில் பல சவாரிகளுக்கு அப்படி அகலமான பாதைகள் உண்டு. நாற்காலியில் வருவோர் மற்றவர்களோடு கூடவே காத்திருக்கிறார்கள். நல்ல காரியம். பின்கட்டு வழியாக, சாமான் ஏற்றும் வாசலால் அழைத்துப் போவதைவிட அதுவே மரியாதை.

ஆனால் காத்திருப்பது கால்களின் வேலை மட்டுமா?

ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். முன்னும் பின்னும் இடித்துக்கொண்டு நிற்கும் ஜனம், தலைக்குமேல் அலறும் ஒலிபெருக்கி, கண்ணைப் பறிக்கும் விளக்கு, எப்போது முடியும் என்று தெரியாத நீண்ட நேரம். மற்றவர்களுக்கு இது எரிச்சல். அந்தப் பிள்ளைக்கோ இது தாங்க முடியாத வேதனை. காதைப் பொத்திக்கொண்டு கதறும், தரையில் விழும், தன்னையே அடித்துக்கொள்ளும். சுற்றி நிற்பவர்கள் "வளர்த்த லட்சணம்" என்று தாயைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே வீட்டைவிட்டு வெளியே வராத குடும்பங்கள் எத்தனை!

இன்னொருவருக்குக் கிரோன் என்னும் குடல் நோய். பார்த்தால் நம்மைப் போலத்தான் இருப்பார். திடீரென்று வயிறு கலக்கினால், நூறு பேரைத் தாண்டி, கம்பித் தடுப்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து வெளியே ஓட வேண்டும். ஓட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை. மற்றொருவருக்கு நரம்புகளின் உறை சிதையும் மல்ட்டிபிள் ஸ்கிலிரோசிஸ். வெயில் ஏறினால் கை கால் தளரும், பார்வை மங்கும். புளோரிடா வெயிலோ லேசானதல்ல. எழுந்து நின்றாலே இதயம் படபடத்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு. இவர்களுக்கெல்லாம் "உட்கார நாற்காலி தருகிறோம்" என்பது பதிலே அல்ல.

இவர்கள் கேட்பது என்ன? "எங்களை முதலில் ஏற்று" என்றா கேட்கிறார்கள்? இல்லை. "மற்றவன் 60 நிமிடம் காத்திருந்தால் நாங்களும் 60 நிமிடம் காத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கம்பிக் கூண்டுக்குள் அல்ல. நிழலில், கழிப்பறைக்குப் பக்கத்தில், பிள்ளை அமைதியாக இருக்கும் ஓர் இடத்தில் காத்திருக்கிறோம். நேரம் வந்ததும் வருகிறோம்." இவ்வளவுதான் கோரிக்கை. இதிலே என்ன சலுகை இருக்கிறது? இதிலே யாருடைய பங்கை இவர்கள் பறிக்கிறார்கள்?

டிஸ்னியே இதைப் புரிந்துகொண்டு செய்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். 2013 வரை "விருந்தினர் உதவி அட்டை" என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டினால் பல சவாரிகளில் வேறு வாசல் வழியாகப் போய், பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்காமல் ஏறிவிடலாம். அந்த ஏற்பாட்டில் ஓட்டை இருந்தது. ஓட்டை இருந்த இடத்தில் யார் புகுந்தார்கள் தெரியுமா? ஏழைகள் அல்ல! 2013 மே மாதம் 'நியூயார்க் போஸ்ட்' பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. மன்ஹாட்டன் நகரத்துச் சீமாட்டிகள் சிலர், உடல் குறைபாடு உள்ள வழிகாட்டிகளை மணிக்கு 130 டாலர் கூலிக்கு அமர்த்தி, குடும்பத்தில் ஒருவர் என்று சொல்லி, அவர்களுடைய அட்டையின் தயவில் தங்கள் பிள்ளைகளை வரிசைக்கு முன்னால் கொண்டுபோனார்கள் என்பது அந்தச் செய்தி. என்னே கனவான்களின் ஒழுக்கம்! ஒருவனுடைய ஊனத்தையும் வாடகைக்கு எடுக்கத் துணிந்த கூட்டம் அது.

அதே ஆண்டு அக்டோபரில் அந்த அட்டை ஒழிக்கப்பட்டு, டி.ஏ.எஸ். எனப்படும் புதிய அனுமதி முறை வந்தது. இதில் முன்னால் போகும் பேச்சே கிடையாது. வரிசையில் அப்போது எவ்வளவு நேரக் காத்திருப்போ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்லி ஒரு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அதுவரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இது போதவில்லை. குறித்த நேரம் வரை காத்திருப்பதே தங்கள் பிள்ளைகளால் ஆகாது என்று 2014 முதல் வழக்குத் தொடுத்தார்கள். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரணை நடத்தியே தீரவேண்டும் என்றது. 2020-ல் விசாரணை நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. காத்திருக்காமல் ஏறும் உரிமையைக் கொடுத்தால் மற்றவர்கள் காத்திருக்கும் நேரம் மிகவும் கூடிவிடும் என்பது நிறுவனத்தின் வாதம்.

அந்த வாதத்தை நாம் குப்பையில் போடச் சொல்லவில்லை. கணக்கு கணக்குத்தான். பொதுவரிசையில் பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்கிற லாரி டிரைவரின் நேரமும் நேரம்தான். அவனும் ஆண்டெல்லாம் சேமித்து ஒரு நாள் வந்தவன். அவனை மறந்துவிட்டு நியாயம் பேச நாம் தயாராக இல்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. நீதிமன்றத்தில் அவ்வளவு அக்கறையோடு எடுத்து வைத்த அந்தக் கணக்கை, காசு வாங்கும் ஜன்னலுக்கு வந்ததும் ஏன் மறந்துவிட்டீர்கள்?

ஒரே வாசல், இரண்டு சட்டம்

1999-ல் டிஸ்னி 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. சவாரிக்கு அருகே உள்ள இயந்திரத்தில் சீட்டு எடுத்துக்கொண்டு, அதில் குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்தால் தனி வாசலில் நுழையலாம். நுழைவுச் சீட்டு வாங்கிய எல்லோருக்கும் அது பொது. தனிக் காசு இல்லை. குறைகள் இருந்தன, விடிகாலையில் ஓடுகிறவனுக்கே நல்ல சீட்டு என்ற முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் அங்கே ஓட்டத்தில்தான் போட்டி, பணப்பையில் அல்ல.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். எல்லோரும் வெளியே காத்திருக்கலாம் என்ற ஏற்பாடு இலவசமாக இருந்தபோது, வரிசைக்குள் நிற்க முடியாதவர்களில் பலர் தங்கள் நோயை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. மற்றவர்களைப் போல அவர்களும் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார்கள். சிறப்பு அட்டை இல்லாமலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருந்தது. பொதுவான வசதி நன்றாக இருந்தால் தனி வசதியைத் தேடி யாரும் அலைவதில்லை.

2020-ல் கொரோனா வந்து பூங்காக்கள் மூடின. மறுபடி திறந்தபோது அந்த இலவச ஏற்பாடு திரும்பி வரவில்லை. 2021 அக்டோபரில் வந்தது 'ஜீனி பிளஸ்'. அதே தனி வாசலுக்கு 'லைட்னிங் லேன்', அதாவது மின்னல் பாதை, என்று புதுப் பெயர். அதில் நுழைய, புளோரிடாவில் ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 15 டாலர், கலிபோர்னியாவில் 20 டாலர் என்று தொடங்கினார்கள். நேற்றுவரை பொதுச்சொத்தாக இருந்த குளத்துக்கு ஒருவன் வேலி போட்டு, தண்ணீருக்குக் காசு கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

தொடங்கியது 15 டாலர், முடிந்த இடம் எது? 2024 அக்டோபரில் 'பிரீமியர் பாஸ்' என்று ஒன்றை அறிவித்தார்கள். நேரம் குறிக்கவும் வேண்டாம், திட்டம் போடவும் வேண்டாம், எந்த மின்னல் பாதையிலும் சவாரிக்கு ஒருமுறை நேரே நுழையலாம். புளோரிடாவில் அதன் விலை, நாளையும் பூங்காவையும் பொறுத்து, ஆள் ஒன்றுக்கு 129 டாலரிலிருந்து 449 டாலர் வரை. நுழைவுச் சீட்டு இதில் சேராது, அது தனி! அமெரிக்க மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-க்குப் பிறகு அது ஒரு காசுகூட ஏறவில்லை. அந்தக் கூலி வாங்குகிற தொழிலாளி 449 டாலர் சம்பாதிக்க ஏறத்தாழ 62 மணி நேரம் உழைக்க வேண்டும். ஒரு வாரத்து வேலையைத் தாண்டி அடுத்த வாரத்தின் பாதிக்குமேல் போனால்தான், ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு நாள், காத்திராமல் இருக்கும் பாக்கியம் கிட்டும்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. டி.ஏ.எஸ். அனுமதி பெற்ற மாற்றுத்திறனாளிகள் எந்த வாசல் வழியாக நுழைகிறார்கள்? அதே மின்னல் பாதை வழியாகத்தான்! அந்த வாசல் இலவசமாக இருந்த வரையில், அவர் ஒரு விருந்தாளி. அதற்கு விலை வைத்த மறுநாளே அவர் என்ன ஆனார்? விற்கக்கூடிய ஓர் இடத்தில் இலவசமாக உட்கார்ந்திருக்கும் ஆள் ஆனார். கல்லாப்பெட்டியின் கண்ணுக்கு அவர் ஒரு நஷ்டம். உரிமை என்பது சரக்கில் ஏற்பட்ட கசிவாகத் தெரியத் தொடங்கியது.

2024 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. மே 20 முதல் புளோரிடாவிலும் ஜூன் 18 முதல் கலிபோர்னியாவிலும் நடைமுறைக்கு வந்தது. இனி டி.ஏ.எஸ். அனுமதி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நீண்ட நேரம் காத்திருக்க இயலாதவர்களுக்கு மட்டுமே உரியது என்றார்கள். குடல் நோயாளி? நரம்பு நோயாளி? நின்றால் மயங்கி விழுகிறவர்? அவர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டாம். வரிசையில் நில்லுங்கள், அவசரம் வந்தால் பணியாளரிடம் சொல்லிவிட்டு வெளியே போய்த் திரும்பி வாருங்கள், உங்களோடு வந்தவர்கள் இடம் பிடித்து வைக்கட்டும் என்கிறார்கள். தனியாக வந்தவர் யாரை நிறுத்துவார்? நான்கு வயதுக் குழந்தையோடு வந்த தாய், குழந்தையையா இடம் பிடிக்க நிறுத்துவாள்? எழுதியவர்கள் ஒருநாள் அந்த வயிற்றோடு அந்த வெயிலில் நின்று பார்த்திருந்தால் இந்த யோசனை பிறந்திருக்காது.

அனுமதி கேட்பவர் வீடியோவில் முகம் காட்டி, தம்மால் ஏன் நிற்க முடியாது என்பதை முன்பின் அறியாத ஒருவரிடம் விளக்க வேண்டும். சொன்னது பொய் என்று நிறுவனம் தீர்மானித்தால், பூங்காவுக்குள் இனி எப்போதுமே நுழைய முடியாது, கட்டிய காசும் திரும்பாது என்று எச்சரிக்கிறார்கள். ஆனால் 449 டாலரை நீட்டுகிறவனிடம் "உமக்கு ஏன் காத்திருக்க முடியாது? காரணத்தை விளக்கும்" என்று கேட்பார் உண்டா? பையிலே பணம் இருப்பதே அவனுக்கு மருத்துவச் சான்று! அவன் முன்னால் போவதாலும் பொதுவரிசையில் ஒருவர் பின்னால் போகிறார் என்ற கணக்கு அப்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இது டிஸ்னியோடு நிற்கிற கதையும் அல்ல. யுனிவர்சல் பூங்காக்களிலும் காசுக்கு 'எக்ஸ்பிரஸ்' வாசல் உண்டு. அங்கே தனி வசதி வேண்டுவோர் வெளியார் அமைப்பு ஒன்றில் தங்கள் விவரங்களைப் பதிந்து அட்டை வாங்க வேண்டும்.

நிறுவனத்தின் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுவோம். அனுமதி கேட்போர் தொகை சில ஆண்டுகளில் பெருமளவு கூடிவிட்டது, அதில் பொய்யர்களும் இருக்கிறார்கள், அதனால் நிஜமாகவே தேவைப்படுவோர் பாதிக்கப்படுகிறார்கள் என்கிறார்கள். கூடியது உண்மையாகவே இருக்கட்டும். ஏன் கூடியது? இலவசமாக வெளியே காத்திருக்கும் வழியை மூடிவிட்டு, அதற்கு விலை வைத்தது யார்? விலை கொடுக்க முடியாத நோயாளிக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி டி.ஏ.எஸ். அங்கே கூட்டம் கூடியதில் ஆச்சரியம் என்ன? குடலையோ நரம்பையோ பற்றி முன்பு வாய் திறக்காதவர்களும் இப்போது திறக்க வேண்டியதாயிற்று. பொய்யர்களும் அந்தக் கூட்டத்தில் கலந்திருப்பார்கள், மறுக்கவில்லை. வேலி போட்டவனே "ஏன் எல்லோரும் அந்த ஒற்றைச் சந்தில் நெருக்குகிறீர்கள்?" என்று கேட்கலாமா?

இதில் மிகக் கொடுமையானது, நோயாளிகளையே ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிட்ட வேலை. "அவர்களுக்கு உண்டு, எங்களுக்கு ஏன் இல்லை?" என்று நரம்பு நோயாளி கேட்கிறார். "உங்களால்தான் எங்களுக்கும் கெடுபிடி" என்று ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பன் சொல்கிறார். பொதுவரிசையில் நிற்கிறவனோ இருவரையும் முறைக்கிறான். மூவரும் தங்களுக்குள் சண்டையிட, மின்னல் பாதையில் பிரீமியர் கனவான் சிரித்துக்கொண்டே போகிறார். நிரந்தரத் தொழிலாளிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் நடுவே சுவர் எழுப்பிய முதலாளிகளைப் பார்த்த நமக்கு இந்த வித்தை புதிதா?

வாசலில் நிற்கும் தொழிலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனுமதி மறுக்கப்பட்டவரின் கோபம், கண்ணீர், வசவு எல்லாம் யார் தலையில் விழுகின்றன? விதி எழுதியவர் குளிர் அறையில் இருக்கிறார். வெயிலில் நின்று சீட்டை ஸ்கேன் செய்கிற பிள்ளைதான் ஏச்சு வாங்குகிறது. அந்தப் பூங்காத் தொழிலாளர்கள் வாயில்லாப் பூச்சிகள் அல்லர். 1984-ல் டிஸ்னிலாந்தில் 22 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 2024 மே மாதத்தில், அங்கே வேடம் அணிந்து குழந்தைகளை மகிழ்விக்கும் கலைஞர்களும் வாக்கெடுப்பு நடத்தித் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். மிக்கி மவுஸ் முகமூடிக்குள்ளும் வியர்ப்பது மனிதனுக்குத்தானே! மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் இந்தத் தொழிற்சங்கங்களும் கைகோத்தால் நிர்வாகம் பேச்சுவார்த்தை மேசைக்கு வராமல் எங்கே போகும்?

யார் கொடுத்த உரிமை?

கைகோத்த சரித்திரம் அந்த நாட்டிலேயே இருக்கிறது. நம் தோழர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1973-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மத்திய சர்க்காரின் பணத்தைப் பெறும் எந்த அமைப்பும் உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது அதன் 504-வது பிரிவு. பிரிவு இருந்தது, அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்து மட்டும் விழவில்லை. ஆண்டுகள் 4 ஓடின. 1977 ஏப்ரல் 5-ஆம் தேதி, சான்பிரான்சிஸ்கோ நகரில் மத்திய சர்க்கார் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர். சக்கர நாற்காலியில் இருப்போர், பார்வையற்றோர், காது கேளாதோர். மாற்றுடை இல்லை, படுக்க மெத்தை இல்லை. சிலருக்குப் புரண்டு படுக்கவே பிறர் கை வேண்டும். அதிகாரிகள் தொலைபேசியைத் துண்டித்தார்கள். துண்டித்தால் என்ன? காது கேளாத தோழர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னார்கள்!

சோறு யார் கொண்டு வந்தார்கள்? கறுப்பின மக்களின் பிளாக் பாந்தர் கட்சித் தோழர்கள் நாள்தோறும் சுடச்சுட உணவு சமைத்துக் கொண்டுவந்தார்கள். போராட்டக்காரர்களில் ஒரு குழு தலைநகர் வாஷிங்டனுக்குப் போனபோது, சக்கர நாற்காலிகளோடு அவர்களை ஏற்றிச் செல்ல லாரி ஏற்பாடு செய்து கொடுத்தது இயந்திரத் தொழிலாளர் சங்கம். ஏறக்குறைய 4 வாரம் அவர்கள் நகரவில்லை. ஏப்ரல் 28-ஆம் தேதி அமைச்சர் கையெழுத்துப் போட்டார். போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ஜூடி ஹ்யூமன். குழந்தைப் பருவத்தில் போலியோவால் நடக்கும் திறனை இழந்தவர். 2023-ல் மறைந்தார்.

1990 மார்ச் 12-ஆம் தேதி வாஷிங்டனில் நடந்ததும் உண்டு. நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு முன்னால், சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, மாற்றுத்திறனாளிகள் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்து படியேறினார்கள். அவர்களில் 8 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அதே ஆண்டு ஜூலை 26-ல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. கடை, ஓட்டல், தியேட்டர், பூங்கா என்று பொதுமக்கள் வரும் தனியார் இடங்களும் நியாயமான மாற்றங்களைச் செய்து தரவேண்டும் என்று அந்தச் சட்டம்தான் கட்டாயமாக்கியது. டிஸ்னி வாசலில் கிடைக்கும் அனுமதி டிஸ்னியின் தர்மச்சோறு அல்ல. படிக்கட்டில் தோல் உரிய ஊர்ந்தவர்கள் வாங்கிக் கொடுத்தது.

அந்தச் சட்டம் கேட்பது நோயின் பெயரையா? இந்த ஆளுக்கு இந்த இடத்தில் என்ன மாற்றம் செய்து கொடுத்தால் மற்றவர்களைப் போல அனுபவிக்க முடியும் என்பதைத்தான் கேட்கிறது. ஒரு நோயை ஏற்றுக்கொண்டு இன்னொரு நோயைத் தள்ளும் பட்டியல் அதன் நோக்கத்துக்கே விரோதம் என்பது நம் கருத்து. 2025-ன் தொடக்கத்தில், புதிய விதி உடல் சார்ந்த குறைபாடு உள்ளோரை ஒதுக்குகிறது என்று கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார்.

"சோற்றுக்கும் மருந்துக்கும் போராட வேண்டிய உலகத்தில், ராட்டினம் ஏறும் உரிமைக்கு ஒரு கட்டுரையா?" என்று நம் தோழர் ஒருவர் கேட்டார். கேட்கத்தான் வேண்டும். 8 மணி நேர வேலைக்காக 1886-ல் சிகாகோவில் ரத்தம் சிந்தினார்களே, அவர்கள் கேட்டது என்ன? உழைக்க 8 மணி, உறங்க 8 மணி, மீதி 8 மணி? அந்த மூன்றாவது 8 மணி நேரத்துக்காகத்தானே அவ்வளவும்! பிள்ளையோடு சிரிக்க, பாட்டுக் கேட்க, திருவிழாவுக்குப் போக. மகிழ்ச்சி பணக்காரனுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து என்று பாட்டாளி இயக்கம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நோயுள்ள பிள்ளையைப் பெற்ற தொழிலாளிக்கு அந்த 8 மணி இல்லையா?

மனம் இருந்தால் முடியுமா என்பதற்கும் சாட்சி உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 2010-ல் 'மார்கன்ஸ் ஒண்டர்லேண்ட்' என்ற பூங்கா திறக்கப்பட்டது. வீடு கட்டி விற்கும் தொழில் செய்த கார்டன் ஹார்ட்மன் என்பவர், தம் மகளின் நிலையைப் பார்த்து அமைத்தது. 25 ஏக்கர். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சலும் குடைராட்டினமும் உண்டு. 2017-ல் பக்கத்திலேயே நீர்விளையாட்டுப் பூங்காவும் திறந்தார்கள். மின்கல நாற்காலி தண்ணீரில் கெட்டுவிடுமே என்பதற்காக, அழுத்திய காற்றால் ஓடும் நாற்காலிகளை அங்கே வைத்தார்கள். ஒரு தனி மனிதரின் நல்ல மனத்தையும் நன்கொடையையும் நம்பியே எல்லாம் நடக்க வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். அது தர்மம், நாம் பேசுவது உரிமை. ஆனால் லாபம் இல்லாத ஒரு சிறிய பூங்காவின் பொறியாளர்களுக்கு வந்த யோசனை, உலகத்திலேயே பெரிய கேளிக்கை நிறுவனங்களில் ஒன்றின் பொறியாளர்களுக்கு வராதா?

நம் யோசனை கடினமானதல்ல. நோயின் பெயரைக் கேட்காமல், தேவையைக் கேட்டு அனுமதி கொடுக்கட்டும். வெளியே காத்திருக்கும் வழியை மறுபடி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடட்டும். அதைச் செய்தாலே சிறப்பு அனுமதிக்கு முண்டியடிக்கும் கூட்டம் வெகுவாகக் குறையும். அதற்கு மனமில்லை, மின்னல் பாதையை விற்றே தீருவோம் என்றால், ஒன்று செய்யட்டும். ஒவ்வொரு சவாரியிலும் மணிக்கு மொத்தம் எத்தனை இடம், அதில் எத்தனை இடம் காசுக்கு விற்றது, எத்தனை இடம் மாற்றுத்திறனாளிகளுக்குப் போனது, பொதுவரிசையில் நின்ற குடும்பத்துக்கு மிஞ்சியது எத்தனை, இந்த 4 எண்களை நாள்தோறும் வாசலில் எழுதி ஒட்டட்டும். அந்தப் பலகை வந்த பிறகு, யாரால் யார் காத்திருக்கிறார்கள் என்று பேசலாம்.